அந்தப் பேரேடுகளை அழித்துவிடாதீர்கள்: அமெரிக்கச் சிறுநகர வங்கித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வங்கித் தலைவர்களுக்கும் இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

நான் தமிழ்நாட்டில் ஒரு வங்கியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கேஷ் கவுண்டரில் தொடங்கி, லெட்ஜர், கடன் பிரிவு என்று எல்லாம் பார்த்து, கடைசி எட்டு வருடம் கிளை மேலாளராக இருந்தேன். இப்போது வருடத்தில் பாதி நாள் மகள் வீட்டில், உங்கள் நாட்டின் நடுப்பகுதியில், சுற்றிலும் மக்காச்சோளம் விளையும் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். இந்த மடலின் சுருக்கத்தை மகள் ஆங்கிலத்தில் எழுதி உங்களில் சிலருக்கு அனுப்பியிருக்கிறாள். முழுதாகச் சொல்ல எனக்குத் தமிழ்தான் வரும். அதனால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

போன அக்டோபரில் பக்கத்து ஊரில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஓர் அட்டைப் பெட்டி நிறையக் காகிதம். விலை இரண்டு டாலர். மேலாகக் கிடந்த தாளை எடுத்துப் பார்த்தேன். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, வங்கிக் கணக்குத் தாள். தேதி, வரவு, செக், இருப்பு என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. ஆனால் டாலர் என்று இருக்க வேண்டிய இடத்தில் பவுண்டு என்று இருந்தது. எடை பவுண்டு. மேலே கணக்கின் பெயர்: சர்க்கரை. வருடம் 1943.

முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம் நிதானமாக ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஆரம்ப இருப்பு 412. வரவு 185. செக் மூலம் போனது 300. மீதி 297. அந்த 297 முதலில் 279 என்று எழுதப்பட்டு, அடித்து, மேலே திருத்தி, ஓரத்தில் இரண்டு எழுத்தில் இனிஷியல் போட்டிருந்தது. லெட்ஜர் எழுதிய எவருக்கும் இது தெரியும். கணக்கு இடித்து, வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். இங்கே வித்தியாசம் பதினெட்டு. பதினெட்டு பவுண்டு சர்க்கரை டேலி ஆகவில்லை என்று யாரோ ஒருவர் மாலையில் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து தேடியிருக்கிறார். நானும் அப்படி எத்தனையோ மாலை உட்கார்ந்திருக்கிறேன். எண்பது வருடம் கழித்து, பூமிக்கு மறுபக்கத்தில் பிறந்த நான் அந்தத் திருத்தத்தின் மேல் விரலை வைத்தபோது, பக்கத்து மேசைக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

பெட்டியை விற்றவரிடம் இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஊர் வங்கியைப் பெரிய வங்கி ஒன்று வாங்கிவிட்டதாம். நிலவறையைக் காலி செய்தபோது அவர் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டாராம். மீதி எல்லாம் மூன்று லாரியில் ஏறி, காகிதத்தைத் தூளாக்கும் இடத்துக்குப் போய்விட்டது.

அதற்காகத்தான் இந்த மடல்.

அந்த வங்கியின் மேல் குற்றம் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. எங்கள் கிளையிலும் இதுவேதான் நடந்தது. கட்டடம் மாற்றியபோது ரெக்கார்டு ரூமில் இருந்த பழைய பேரேடுகளை, தோல் அட்டை போட்டவை உட்பட, எடைக்குப் போட்டோம். மேலிடத்து உத்தரவு இருந்தது, விதிப்படி வைத்திருக்க வேண்டிய காலமும் முடிந்திருந்தது. பட்டியலில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அதில் என்ன போனது என்று இன்று எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் தமிழ் வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வங்கித் தலைவர் என்றால் பெரும்பாலும் மும்பை, சென்னை போன்ற பெருநகரத்தில் இருப்பவர். அமெரிக்கச் சிறுநகரத்தில் அப்படியில்லை. பத்துப் பேர் வேலை செய்யும் வங்கிக்கும் ஒரு தலைவர் உண்டு. அவர் அதே தெருவில் குடியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை அதே சர்ச்சில் உட்காருவார். யார் வீட்டில் நெல்லிருக்கிறது, யார் வீட்டில் கடனிருக்கிறது என்று நம் ஊர்க் கணக்கப்பிள்ளைக்குத் தெரிந்தது மாதிரி அவருக்கு எல்லாம் தெரியும். இரண்டாம் உலகப் போர் வந்தபோது, இந்த மனிதரின் மேசைக்குத்தான் அரசாங்கம் வந்தது.

சர்க்கரைக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1942 மே மாதம் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது, 1947 ஜூன் வரை நீடித்தது. காப்பி, பெட்ரோல், செருப்பு, இறைச்சி, வெண்ணெய், டப்பா உணவு என்று வரிசையாகச் சேர்ந்தன. எங்கள் ஊரில் முன்பெல்லாம் ரேஷன் என்றால் கார்டில் அளவைக் குறித்துக்கொண்டு கடையில் போடுவது. உங்கள் ஊரில் வீட்டுக்காரர் புத்தகத்திலிருந்து ஸ்டாம்பைக் கிழித்துக் கடைக்காரரிடம் கொடுக்க வேண்டும். காசும் கொடுக்க வேண்டும், ஸ்டாம்பும் கொடுக்க வேண்டும். சரி, கடைக்காரர் அந்த ஸ்டாம்புகளை என்ன செய்வார்? மொத்த வியாபாரியிடம் புதுச் சரக்கு வாங்க வேண்டுமென்றால், விற்ற அளவுக்கு அவர் ஸ்டாம்பு காட்டியாக வேண்டும். முதலில் இதைக் கவனித்தவை ஊர் ரேஷன் வாரியங்கள். மூட்டை மூட்டையாக ஸ்டாம்பு வந்து குவிய, அவர்களால் முடியவில்லை.

அப்போது வந்ததுதான் ரேஷன் வங்கி முறை. 1942 இறுதியில் நியூயார்க் மாநிலத்து ஆல்பனி வட்டாரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, 1943 ஜனவரியில் நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். கடைக்காரர் ஸ்டாம்புகளைத் தாளில் ஒட்டியோ உறையில் போட்டோ வங்கியில் கட்டுவார். வங்கி அவர் கணக்கில் இத்தனை பவுண்டு சர்க்கரை என்று வரவு வைக்கும். அவர் மொத்த வியாபாரிக்குச் சர்க்கரைச் செக் எழுதுவார். மொத்த வியாபாரி அதைத் தன் வங்கியில் போட்டு, மேலே ஆலைக்குத் தன் செக்கை எழுதுவார். சரக்கு ஆலையிலிருந்து கீழே வரும், செக் கீழேயிருந்து மேலே போகும். பணச் செக்கை மாற்றும் அதே ஏற்பாடு இதையும் மாற்றிக் கொடுத்தது. வட்டி கிடையாது. கடனும் கிடையாது, இருப்புக்கு மேல் ஒரு பவுண்டுகூட எடுக்கக் கூடாது.

நான் எத்தனையோ வகைக் கணக்கு பார்த்திருக்கிறேன். ஒரு நாடு முழுவதும், பணத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பணமாகச் சர்க்கரையையும் இறைச்சியையும் செக்கில் நடத்தியது என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பாக இருக்கிறது. இதைச் செய்தவர்கள் யார்? இளைஞர்கள் பலர் போருக்குப் போய்விட்டார்கள். அதுவரை பெரும்பாலும் ஆண்களே நின்ற கவுண்டர்களில் பெண்கள் வந்து நின்றார்கள். என் கையில் இருக்கும் தாளில் இனிஷியல் போட்டவர் அப்படி வந்த ஒரு பெண்ணாக இருக்கலாம். அவர் பெயரைத் தெரிந்துகொள்ள அந்த வங்கியின் சம்பளப் பதிவேடு வேண்டும். அது லாரியில் போய்விட்டது.

அந்தப் பெட்டியில் இன்னொன்றும் இருந்தது. பாதி நிரம்பிய ஒரு போர்ச் சேமிப்பு ஸ்டாம்பு ஆல்பம். இருபத்தைந்து சென்ட் ஸ்டாம்புகள், துப்பாக்கியோடு நிற்கும் விவசாய வீரன் படம். எழுபத்தைந்து ஸ்டாம்பு ஒட்டி முடித்தால் 18 டாலர் 75 சென்ட். அதைக் கொடுத்து ஈ வரிசை (Series E) என்ற அரசுச் சேமிப்புப் பத்திரம் ஒன்று வாங்கலாம், பத்து வருடம் கழித்து 25 டாலர் கிடைக்கும். இந்த ஆல்பத்தில் முப்பத்தொரு ஸ்டாம்புதான் இருந்தது. ஏன் நின்றது? போர் முடிந்துவிட்டதா, காசு முடிந்துவிட்டதா? கடைசி ஸ்டாம்பு கொஞ்சம் கோணலாக ஒட்டியிருக்கிறது. குழந்தையின் கை என்று நினைக்கிறேன்.

இந்த ஈ வரிசைப் பத்திரத்தின் அமைப்பிலேயே முந்தைய போரின் வடு இருக்கிறது. முதல் உலகப் போரில் அரசு விற்ற லிபர்ட்டி என்ற கடன் பத்திரங்கள் சந்தையில் கைமாறக்கூடியவை. போர் முடிந்து வட்டி ஏறியதும் விலை இறங்கியது. 1920இல் நூறு டாலர் பத்திரம் தொண்ணூறுக்கும் கீழே போனது. அவசரத்துக்கு விற்ற ஏழை எளியவர்கள் நஷ்டப்பட்டார்கள். அவர்களிடம் அந்தப் பத்திரத்தை முதலில் விற்றவர் ஊர் வங்கித் தலைவர். அதே ஊரில் தொடர்ந்து குடியிருக்க வேண்டியவர் அவர். அதனால் 1941 மே மாதம் வந்த புதுப் பத்திரத்தைச் சந்தையில் விற்க முடியாதபடியும், போட்ட பணத்துக்குக் குறையாமல் அரசே திருப்பித் தரும்படியும் செய்தார்கள். ஏறக்குறைய எட்டரைக் கோடி அமெரிக்கர்கள் போர்ப் பத்திரம் வாங்கினார்கள். பெரும்பாலும் உங்களைப் போன்றவர்களின் கவுண்டர் வழியாக.

இதுவரை நான் சொன்னது பெருமைப்படும்படியான பக்கம். உங்களில் சிலர் வரவேற்பறையில் கண்ணாடிப் பேழை வைத்து, பழைய ரேஷன் புத்தகம், 1943இன் எஃகு ஒரு சென்ட் நாணயம், நிறுவனரின் புகைப்படம் எல்லாம் காட்டுகிறீர்கள். நல்லது. ஆனால் நான் காப்பாற்றச் சொல்வது அதை மட்டும் இல்லை.

முதல் உலகப் போர்க் காலத்தில் உங்கள் பகுதியிலேயே பல மாவட்டங்களில் குழுக்கள் அமைத்து, யார் எவ்வளவு பத்திரம் வாங்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் தொகை விதித்தார்கள். அந்தக் குழுக்களில் வங்கிக்காரர்களும் உட்கார்ந்தார்கள். யார் பெயரில் எவ்வளவு இருக்கிறது என்பது அவர்களுக்குத்தானே தெரியும்? வாடிக்கையாளர் நம்பி வைத்த இருப்பு, அவர்மேல் வீசும் கல்லானது. வாங்காதவர்களின் கதவில் மஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள். ஜெர்மன் வீட்டுப் பெயர் வைத்திருந்தவர்களும், போரே பாவம் என்று நம்பிய மெனொனைட் சமயத்தாரும் பட்ட பாடு கொஞ்சமில்லை. கான்சாஸ் மாநிலத்தில் பர்ட்டன் ஊர்க்காரர்கள் 1918 நவம்பர் 11 அன்று, போர் நின்ற அதே நாளில், ஜான் ஷ்ராக் என்ற மெனொனைட் விவசாயியைப் பண்ணையிலிருந்து இழுத்துவந்து பத்திரம் வாங்கச் சொன்னார்கள். தன் சமய நம்பிக்கையால் அவர் மறுத்தார். உடம்பெல்லாம் மஞ்சள் பெயிண்டை ஊற்றித் தூக்கில் போடப் பார்த்தார்கள். ஊர்ச் சிறையின் வாசலில் துப்பாக்கியோடு ஒரே ஒருவர் குறுக்கே நின்றதால்தான் அவர் உயிர் தப்பினார்.

அந்தக் குழுக்களின் பட்டியல்கள், கடிதங்கள், தொகை நிர்ணயித்த தாள்கள் எத்தனையோ வங்கி இரும்புப் பெட்டிகளில் போய் முடங்கியிருக்கும். அதைப் பார்த்து, "இது நமக்கு வேண்டாம்" என்று உங்களில் ஒருவர் நினைப்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. தாத்தாவின் கையெழுத்தாகக்கூட இருக்கலாம். தயவுசெய்து அதையும் வையுங்கள்.

இனி நான் சொல்லப்போவது என் தொழிலோடு ஒட்டியது. நான் கடன் மனு பார்த்தவன்.

1944 ஜூன் 22 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம், போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்கு வீடு, பண்ணை, தொழில் வாங்கக் கடன் உத்தரவாதம் தந்தது. கவனியுங்கள், கடனை அரசு கொடுக்கவில்லை, உத்தரவாதம்தான். கடனில் பாதிக்கு, அதிகபட்சம் 2,000 டாலர் வரை அரசு பொறுப்பு. வட்டி 4 சதவீதத்துக்கு மேல் கூடாது. அடுத்த ஆண்டு டிசம்பரில் வீட்டுக் கடனுக்கு அந்த வரம்பை 4,000 ஆக்கினார்கள். கடன் கொடுக்கும் வங்கியை அந்த வீரரே தேடிப் பிடிக்க வேண்டும். அதாவது நார்மண்டியிலோ பசிபிக் தீவிலோ சண்டை போட்டுத் திரும்பியவர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் வங்கித் தலைவரின் மேசைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். 1955 வரைக்கும் 43 லட்சம் வீட்டுக் கடன்கள், 3,300 கோடி டாலர். எத்தனை குடும்பம் கூரைக்குக் கீழே வந்தது! அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் இன்றும் கைகூப்புகிறேன்.

ஆனால் அதே மேசைதான் இன்னொருவரைத் திருப்பியும் அனுப்பியது. 1947இல் கறுப்பின மக்களுக்கான எபனி பத்திரிகை, தென் மாநிலமான மிசிசிப்பியின் பதின்மூன்று நகரங்களில் கணக்கெடுத்தது. அரசு உத்தரவாதத்தோடு கொடுத்த கடன்கள் 3,229. அதில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டு. அன்று மிசிசிப்பியில் மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதி அவர்கள்தான். சட்டத்தில் நிறம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேண்டியிருக்கவில்லை. முடிவை உள்ளூர் மேசைக்கு விட்டதே போதுமாக இருந்தது.

கடன் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கொடுத்த கடனுக்கு ஊர்ப்பட்ட காகிதம் இருக்கும், அரசிடமும் நகல் இருக்கும். மறுத்த கடனுக்குக் காகிதம் வங்கியைத் தவிர வேறெங்கும் இருக்காது. பல சமயம் வங்கியிலும் இருக்காது. "இப்ப வேண்டாம்ப்பா, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று வாயாலேயே சொல்லி அனுப்பிவிட்டால் மனு எழுதவே வேண்டியதில்லை. மிஞ்சியிருக்கும் தடயம் இயக்குநர் கூட்டக் குறிப்பில் ஒரு வரியாகவோ, தலைவரின் மேசை நாட்குறிப்பில் ஒரு பெயராகவோ, கடிதக் கட்டில் ஒரு நகலாகவோதான் இருக்கும். அது போய்விட்டால், அந்த மனிதர் அந்த மேசைக்கு வந்து நின்றார் என்பதற்கே சாட்சி இல்லை.

அரசாங்கத்திடம் எல்லாம் பத்திரமாக இருக்கும் என்றும் இருந்துவிட முடியாது. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரில் படைவீரர் ஆவணக் காப்பகம் எரிந்தது. ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் சாம்பலாயின. 1912க்கும் 1960க்கும் இடையே விடுவிக்கப்பட்ட தரைப்படை வீரர்களின் கோப்புகளில் நூற்றுக்கு எண்பது போய்விட்டது. தாத்தா எந்தப் படையில் இருந்தார் என்று தேடும் பேரப்பிள்ளைகள் இன்றும் இதில் முட்டிக்கொள்கிறார்கள். படை விலகல் சான்றின் நகல் ஒன்று, ஒரு பண்ணைக் கடன் கோப்பில், உங்கள் நிலவறையில் கிடக்கக்கூடும்.

வாடிக்கையாளர் ரகசியம் என்று சொல்வீர்கள். அது எனக்கும் வேதவாக்காக இருந்ததுதான். ஆனால் அதற்கு ஒரு காலக்கெடு வைக்க முடியும். உங்கள் நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பே 72 ஆண்டு மூடி வைத்துவிட்டுத் திறக்கப்படுகிறது. 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2022 ஏப்ரலில் பொதுவுக்கு வந்தது, யார் வீட்டில் யார் இருந்தார்கள், என்ன வேலை என்பது உட்பட. அந்த அளவுகோலை வைத்தாலே போர்க்காலக் காகிதங்களின் ரகசியக் காலம் முடிந்துவிட்டது. இன்னும் தயக்கம் இருந்தால் முத்திரை போட்டுக் கொடுங்கள், நூறு ஆண்டு என்று எழுதிக் கொடுங்கள். மூடிய பெட்டியை ஒரு நாள் திறக்கலாம். தூளாக்கியதை என்ன செய்வது?

அவசரம் ஏன் என்றால், 1985இல் உங்கள் நாட்டில் வைப்புக் காப்பீடு பெற்ற வங்கிகள் 18,000 அளவில் இருந்தன. இப்போது 4,500க்கும் கீழே. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு நிலவறை காலியாகிறது. வாங்குகிற வங்கிக்கு அந்த ஊரில் சொந்தம் இல்லை, அந்தப் பெயர்கள் அவர்களுக்கு வெறும் பெயர்கள். அதனால் விற்கப் போகிறவர்கள்தான், கையெழுத்துப் போடுமுன், ஒப்பந்தத்தில் ஒரே ஒரு பத்தி சேர்க்க வேண்டும்: 1950க்கு முந்தைய ஆவணங்கள் மாவட்ட வரலாற்றுச் சங்கத்துக்கோ மாநிலப் பல்கலைக்கழகக் காப்பகத்துக்கோ போக வேண்டும், அவர்கள் ஆள் வந்து பார்க்கும்வரை ஒரு தாளையும் தொடக்கூடாது என்று. விற்காமல் நடத்திக்கொண்டிருப்பவர்கள், ஒரு மத்தியானம் கீழே இறங்கி, என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியலாவது எழுதுங்கள். எது முக்கியம், எது குப்பை என்று நீங்களே பிரிக்க வேண்டாம். சர்க்கரைக் கணக்கை யாராவது முக்கியம் என்று நினைத்திருப்பார்களா?

என்னிடம் உள்ள பெட்டியை வருகிற செவ்வாய்க்கிழமை மாவட்ட அருங்காட்சியகத்தில் கொடுக்கப் போகிறேன். அங்கே ஓர் அம்மா, எழுபது வயதுக்கு மேல், ஊதியம் வாங்காமல் இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறார். அந்தக் கணக்கு எந்தக் கடையுடையது என்று தாளின் மேல் ஓரம் கிழிந்திருப்பதால் தெரியவில்லை. பெயரின் கடைசி மூன்று எழுத்துதான் மிச்சம். மீதி 297 பவுண்டு என்பதோடு தாள் முடிகிறது. அடுத்த தாளும் இப்படியே 297 என்றுதான் தொடங்கும். அது உங்களில் யாருடைய நிலவறையிலாவது இருந்தால், எங்கள் அருங்காட்சியக அம்மாவிடம் சேர்த்துவிடுங்கள்.

நன்றியுடன்,
ஓய்வு பெற்ற ஒரு வங்கி ஊழியன்